நாலு பேர் தூக்கும் எடை

நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் சின்னது. இத்தனை பேர், இத்தனை கிலோ, அதற்கு மேல் ஏறக்கூடாது என்று உள்ளே ஒரு தகடு அடித்திருக்கிறார்கள். போன மாதம், மூன்று பேர் நின்ற லிஃப்டில் நான் கால் வைத்ததும் மணி அடித்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒரு பெண் தன் கால் சப்பாத்தைப் பார்த்தாள். நான் "தக்" என்று சொல்லிவிட்டு இறங்கிக்கொண்டேன். நோர்வேக்காரர் நன்றிக்குச் சொல்லும் சொல் அது. எனக்கு நன்றாக வருவது அது ஒன்றுதான். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்னும் தெரியவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கும் மடுல்சீமையாக இருந்தால் மூன்று பேரும் கேலி பண்ணியிருப்பார்கள், அப்புறம் ஒருவன் இறங்கி எனக்கு இடம் விட்டிருப்பான்.

நான் சொல்ல, மகள் செல்வி இதை எழுதுகிறாள். எனக்குப் பள்ளிக்கூடப் பழக்கம் கிடையாது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து வேலைதான் என் படிப்பு. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு ரோடு இல்லை. வாகனம் நிற்கிற இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே செங்குத்தான பாதை. யாருக்காவது நோய் முற்றினால், பிரசவ வலி எடுத்தால், கம்பளியை மூங்கிலில் தொட்டில் மாதிரிக் கட்டி, ஆளைக் கிடத்தி, நாலு பேர் தோள் கொடுத்து இறக்குவோம். கங்காணி பெண்சாதி நல்ல கனம். ஒருநாள் அவளை இறக்கும்போது பின்னால் வந்தவன், "ஏன் ஆத்தா, ராத்திரி ரொட்டிய கல்லோட சேத்துத் தின்னுட்டியா?" என்றான். அந்த வலியிலும் அவள், "ஒழுங்காத் தூக்குடா, எடுபட்ட பயலே" என்றாள். அட்டை கடிக்கக் கடிக்கச் சிரித்துக்கொண்டே போனோம்.

என் பெண்சாதி பார்வதியையும் அதே பாதையில்தான் இறக்கினோம். பதுளை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் போய்விட்டாள். திரும்ப அதே பாதையில் ஏற்றி, லயத்துக்கு மேலே உள்ள சரிவில் புதைத்தோம். இரண்டு தரமும் ஒரு தோள் என்னுடையது. அவள் காற்று மாதிரி இருந்தாள்.

அதற்குப் பிறகுதான் செல்வி என்னை நோர்வேயில் தான் இருக்கும் இந்தப் பெர்கனுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். இங்கேயும் மலைதான், மழைதான், ஆனால் ஏறுவதற்கு எனக்கு வேலை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பாணும் சீஸும் தின்றேன். தட்டில் எதையும் மிச்சம் வைக்க என் கைக்குத் தெரியாது. உடம்பு பெருத்து முழங்கால் போயிற்று, சீனி வியாதி வந்தது, இரைப்பையை வெட்டிச் சின்னதாக்கும் ஆபரேஷன் செய்யலாமென்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் என் தங்கச்சி மகன் ராஜு இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறான். ஒருநாள் போனில் அவனிடம், "செத்தா என்னைய ஒங்க அத்தை பக்கத்துலயே போட்ருப்பா" என்றேன்.

"ஒங்க ஒடம்ப இங்க ஏத்தணும்னா புல்டோசர்தான் மாமா புடிக்கணும்" என்று சிரித்தான்.

அன்றைக்கே செல்வியிடம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

டாக்டர் இளவயசுக்காரர். மொழிபெயர்க்க, போனில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா.

"ஏன் இந்த ஆபரேஷன் வேணும் எண்டு டொக்டர் கேக்கிறார், ஐயா."

"நாலு பேரு தூக்குற அளவுக்கு வரணும்மா. அதுக்குத்தான்."

"அப்பிடியே சொல்லவோ?"

"அப்படியே சொல்லுங்க."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு நாற்காலியை எனக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"சாக வேணும் எண்டு நினைக்கிறீங்களோ எண்டு கேக்கிறார்."

"சாகணும்னு இல்லம்மா. செத்தா தூக்கணும்ல?"

அது இன்னும் மோசமாகப் போயிற்று. என்னை மனநோய் டாக்டரிடம் அனுப்பப் பார்த்தார். செல்வி குறுக்கே புகுந்து அவர்கள் பாஷையில் வெகுநேரம் பேசினாள், கையால் மூங்கிலெல்லாம் காட்டினாள். அவர் முகம் இளகியது. இங்கே செத்தவரைக் கார் கொண்டுபோகிறது, அவருக்கு எப்படிப் புரியும்? கடைசியில், செய்யலாம் என்றார். ஆனால் அதற்குப் பிறகு சாப்பாட்டுச் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. சாகும்வரை விட்டமின், ஊசி, இரத்தப் பரிசோதனை.

"அப்ப ஊருக்குப் போயிர முடியாதா?" என்று செல்வியைக் கேட்டேன்.

"போயிட்டு வரலாம்ப்பா. போயி இருக்க முடியாது. அந்த லயத்துல யாரு ஒங்களுக்கு ரத்தம் பாப்பா?"

வெட்டினால் உடம்பு இளைக்கும், ஆனால் இந்த ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகர முடியாது. வெட்டாவிட்டால் போகலாம், ஆனால் இந்தக் கனத்தோடு பாதையின் அடியில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நாலு நாள் யோசித்தும் மூன்றாவது வழி தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராஜுவை வீடியோவில் கூப்பிட்டுச் சொன்னேன். இந்தத் தரம் அவன் சிரிக்கவில்லை.

"சரி மாமா, எளைச்சே வாறீங்கன்னு வைங்க. தூக்க யாரு இருக்கா? பயலுகெல்லாம் கொழும்புல கடைகள்ல நிக்கிறானுக. போன மாசம் மாணிக்கம் தாத்தாவ ஏத்துனப்போ ஆளு பத்தாம பொம்பளைங்கதான் தோள் குடுத்தாங்க. காலையில கொழுந்து தூக்குன தோளு."

அப்புறம் அவனே பேச்சை மாற்றினான்.

"அத்தைய பொதச்ச எடத்துல புல்லு மண்டிக் கெடக்கு. இப்ப அங்கதான் போறேன். நீங்களும் வாங்க, நான் ஒருத்தனே தூக்கிட்டுப் போறேன்" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

திரை கறுத்தது. அவன் மூச்சிரைப்பும், செருப்பில் கல் உருளும் சத்தமும், எங்கோ ஒரு நாயும். அவன் ஏற ஏற எனக்கும் மூச்சு வாங்கியது. செல்வி என் தோளைத் தொட்டாள்.

"நாளைக்கி டாக்டருக்கு என்னாப்பா சொல்ல?"

"வேணாம்னு சொல்லிரு."

"அப்ப ஊருக்கு?"

"வந்துட்டோம் மாமா" என்று ராஜு என்னைப் பையிலிருந்து வெளியே எடுத்தான். வெளிச்சத்தில் கண் கூசியது. பெர்கனில் நான் அசைந்ததும் நாற்காலி முனகியது. அங்கே அவன் என்னை ஒரு கையால் பார்வதியின் தலைமாட்டுக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு, குனிந்து புல் பிடுங்கத் தொடங்கினான்.