கோயிலுக்கு எந்தப் பக்கம்

பாரிசில் வாடகை அறை கேட்டுப் போனால் பிரெஞ்சுக்காரர் ‘ஃபிஷ் த பே’ கேட்பார்கள், சம்பளச்சீட்டு. தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் எங்கள் ஆட்கள் ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் மட்டும் போதாது.

“கோயிலுக்கு எந்தப் பக்கம் தம்பி?”

மார்க்ஸ் டோர்மோய் தெருவில் கடை வைத்திருக்கும் அண்ணை இதைக் கேட்டபோது, அவர் வாடகைக்கு விடும் அறையின் திறப்புச் சாவி என் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி வந்தால் கட்டிலை எங்கே போடலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். சொந்தமாக ஓர் அறை இல்லாமல் அவளைக் கூப்பிட முடியாது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அண்ணை எங்கள் ஊரில் பெண் எடுத்தவர். ஒரு தொலைபேசி அழைப்பில் விளங்கிவிடும்.

“தெற்காலை அண்ணை. குளத்துக்கு அங்காலை.”

“ஓம் ஓம். இஞ்சை ஆர் உதெல்லாம் பாக்கினம்?” என்று சிரித்தார். நான் கேட்கவே இல்லையே, ஏன் அதைச் சொன்னார்? மறுநாள் அவரே அழைத்தார். “குறை நினைக்காதையும் தம்பி. மனுசியின்ரை தம்பி வாறான். திறப்பைக் கடையிலை குடுத்துவிடும்.”

குளத்துக்கு அங்காலை இருந்த நாங்கள் ஒரு காலத்தில் அடிமைகள். ஆங்கிலேயர் சட்டம் போட்டு விடுவித்த கதையை, எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன நான்தான் புத்தகத்தில் படித்தேன். அப்படியொரு சட்டம் அப்பாவுக்குத் தெரியாது. விடுதலைக்குப் பிறகும் குடியிருந்த காணி பழைய எசமானுடையது. அவர் தோட்டத்துக்கு வேலைக்குப் போகாவிட்டால் கொட்டிலைப் பிரிக்கச் சொல்வார்கள். கிணற்றடியில் அவர்கள் வார்த்துவிட்டால்தான் தண்ணீர்.

என்னோடு உணவகத்தில் கோப்பை கழுவும் ஜோசே கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பைச் சேர்ந்த கறுப்பினத்தவன். அவனுடைய முன்னோர் கரும்புத் தோட்டத்து அடிமைகள். “எங்களுக்கும் அப்படித்தான். விடுதலைக்கு மறுநாளும் குடிசை முதலாளியுடையது. அதில் இருக்க வேண்டுமா, கரும்பை வெட்டு” என்றான். பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்து, “கூலியைக் குறைக்க முதலாளிகள் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது உங்கள் ஆட்களைத்தான்” என்றான். அது இந்தியர், நான் இலங்கையன் என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

அண்ணை சொன்னது பொய்யா என்று அறிய, அதே அறையைக் கேட்டுவரும்படி ஜோசேயையே அனுப்பினேன். போன வேகத்தில் திரும்பினான். “ஸே ப்ரி. அறை போய்விட்டதாம்.” அப்படியென்றால் உண்மைதான் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. ஜோசே விழுந்து விழுந்து சிரித்தான். “நீ படித்தவனா? என் முகத்தைப் பார். எனக்கு எந்த வீட்டில் அறை காலியாக இருந்திருக்கிறது?”

பஜோல் தெருப் பிள்ளையாரின் தேர் வெளிக்கிட்ட அன்று ஜோசே என்னைத் தேடித் தேரடிக்கே வந்தான். பாரிசின் புறநகரான ஓல்னே-சூ-புவாவில் அவனுடைய மாமி வீட்டில் ஓர் அறை இருக்கிறதாம், பார்த்துவரலாம் என்றான். சனத்துக்குள் அண்ணை வெறும் மேலோடு, வியர்க்க வியர்க்க வடம் இழுத்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, ஏன் தள்ளி நிக்கிறீர்? வந்து பிடியும்!”

ஊரில் அப்பா தேர்வடத்தைத் தொட்டதில்லை. அண்ணை கூப்பிட்டது அன்பினாலா, பார்ப்பவர்களுக்காகவா? நான் யோசித்து முடிப்பதற்குள் கை பிடித்துவிட்டது. கண்ணுக்கு முன்னால் அவருடைய முதுகு. நடைபாதையில் ஜோசே தேரோடு கூடவே நடந்து, “மாமி காத்திருக்கிறாள். வருகிறாயா, இல்லையா?” என்று கத்தினான்.

“வாறன்” என்று அவனுக்கு விளங்காத தமிழில் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் அரோகரா என்று தள்ள, வடம் என்னையும் இழுத்துக்கொண்டு முன்னே போனது.