பிறிஜெற் போட்ட கசிவு

கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டின் மேல்தட்டில் குடியிருந்த பிறிஜெற்றுக்கு ஐம்பது வயதாகுமுன்பே எல்லாம் அலுத்துப்போயிருந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி உழைத்த தகப்பன் படிப்பித்த கணிதப் பட்டமும், வெளிநாடு போய்க் கற்றுவந்த மொடல் செய்யும் வித்தையும் சேர்ந்து அவளை ஒரு தண்ணீர்த் திட்டக் கந்தோரில், கணினிக்கு முன்னால், கொண்டுபோய் இருத்தியிருந்தன. யுத்த காலம். போகும்போதும் சோதனைச் சாவடி, வரும்போதும் சோதனைச் சாவடி. கோவிலுக்குப் புறப்படும்போதுகூட ஜெபமாலைக்கு முன் அடையாள அட்டையைத்தான் தேடுவாள்.

ஊரைத் தொட்டிகளாகவும் குழாய்களாகவும் கணினியில் ஒரு மொடலாக வரைவதுதான் அவளுடைய தொழில். சனம் ஒரு தொட்டி. வந்து குடியேறுகிறவர்கள் அதற்குள் பாயும் குழாய், விட்டுப் போகிறவர்கள் வெளியேறும் குழாய். சனம் கூடினால் தண்ணீருக்குத் தட்டுப்பாடு வரும். தட்டுப்பாடு வந்தால் புதுக் குழாய் போடுவார்கள். குழாய் வந்தால் வீடு கூடும், வீடு கூடினால் திரும்பவும் சனம் கூடும். ஒன்று மற்றதைத் தள்ள, அது சுற்றிவந்து முதலாவதையே முட்டும். இந்தச் சுற்றுகளைச் சரியாகப் பிடித்துவிட்டால் இனி வரும் காலத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டுமென்று சொல்லலாம். சொல்வது நம்பத்தக்கதா என்று பார்க்க, மொடலைப் பழைய வருடங்களில் ஓடவிடுவார்கள். ஏற்கெனவே நடந்ததை அது திருப்பிச் சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டில் கொட்டாஞ்சேனை மொடல் அப்படிச் சொல்லவில்லை. பதிந்திருந்த சனத்துக்கு வேண்டியதைவிடக் கால் பங்கு கூடுதலான தண்ணீர் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. எங்கே போகிறதென்று கந்தோரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறிஜெற்றுக்கு மட்டும் தெரியும். அவளுடைய வீட்டுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது.

யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்த அவளுடைய தம்பி றேமண்டும் அவன் மனைவி புளோறன்சும் வவுனியாவில் எடுத்த, சில நாட்களுக்கு மட்டுமான பயணப் பாஸோடு கொழும்புக்கு வந்தவர்கள், பாஸ் முடிந்த பிறகும் திரும்பிப் போகாமல் அவளோடு இருந்தார்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். அவள் தன்னை மட்டும் பதிந்திருந்தாள். யாழ்ப்பாண விலாசம் உள்ள இளம் ஆம்பிளையைப் பதிவதும் பிடித்துக் கொடுப்பதும் ஒன்றுதான் என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். அதனால் மாடிக்கு மாடி பதியாத சனம் இருந்தது. சமைத்தது, உடுப்புத் தோய்த்தது, குளித்தது. எல்லாவற்றிலும் ஒளிக்கத் தெரிந்த சனத்துக்குத் தண்ணீரில் மட்டும் ஒளிக்கத் தெரியவில்லை.

உள்ளதை உள்ளபடி போட்டால் மொடல் பொருந்தும். ஆனால் அந்த எண் மேலிடத்துக்குப் போகும், அங்கிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும், பிறகு வீடு வீடாகச் சோதனை வரும். ஒழுகி வீணாகும் தண்ணீரைக் காட்ட மொடலில் ‘கசிவு’ என்று ஒரு குழாய் இருந்தது. பிறிஜெற் அதைப் பருப்பித்தாள். பழைய காலத்துக் குழாய், துருப்பிடித்தது, யார் கேட்கப் போகிறார்கள்? ஓடவிட்டதும், உண்மையில் போன தண்ணீரின் கோட்டின் மேல் மொடலின் கோடு அப்படியே படிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கே பெயர்போன உலகத்தில், இவள் ஓர் ஊர்ச் சனத்தையே ஓட்டைக் குழாய்க்குள் மறைத்துவிட்டாள்.

மொடலைச் சோதித்து ஒப்பமிடுகிறவர் ஸாலிஹ், வெள்ளவத்தையில் இருந்து ரயிலில் வந்துபோகும் மூத்த எஞ்சினியர். கோடு பொருந்துகிறது என்று கைதட்டுகிற ஆளல்ல. எதனால் பொருந்துகிறது என்று கிண்டிப் பார்ப்பார்.

“நல்லாப் பொருந்துது பிறிஜெற். அதான் பயமா இரிக்கி,” என்றார். “இந்த ஊருக்குப் போற தண்ணி விடியக் காலையில கூடுது, நடுச்சாமத்துல நல்லாக் கொறையுது. ஒடஞ்ச பைப்புக்கு ராப்பகல் இரிக்கா?”

“பழைய பைப் சேர்.”

“பழைய பைப் காலையில எழும்பிக் குளிக்குமா?”

பிறிஜெற்றுக்குக் கண் நிறைந்துவிட்டது. “சனத்தை எண்ணிப்போட்டா, சனத்தைத் தேடி வருவாங்கள் சேர்,” என்றாள்.

ஸாலிஹ் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். “நான் ஒண்டும் கேக்கல்ல. நீங்க ஒண்டும் சொல்லல்ல,” என்று ஒப்பத்தைப் போட்டார். நல்ல மனுசன். அன்றைக்கு அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இரண்டு பேரும் படித்தவர்கள். ஒன்று மற்றதைத் தள்ளும், அது சுற்றிவந்து முட்டும் என்று வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள். அப்படிப்பட்டவர்கள், இவ்வளவு பெரிய கசிவைப் பார்த்தால் மேலிடம் என்ன செய்யும் என்று ஒரு தரம் யோசித்தார்களா? இல்லை. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதைதான்.

மேலிடம் செய்தது புத்தகப்படி சரியான வைத்தியம். குழாய்களைத் திருத்தி முடிக்கும்வரை தண்ணீரின் அமுக்கத்தைக் குறைத்தால் ஒழுகுவதும் குறையும் என்று, கொட்டாஞ்சேனைக்குப் போகும் தண்ணீரைத் தணித்துவிட்டார்கள். கீழ்வீடுகளில் நூல்போல வந்தது. மேல்வீடுகளில் குழாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது.

பிறிஜெற் ஸாலிஹிடம் ஓடினாள். “பிழையெண்டு சொல்லுவம் சேர்.”

“சொல்லலாம். அப்ப அந்தத் தண்ணி எங்க போகுதெண்டு கேப்பாங்களே, என்ன சொல்ற?” என்றார் அவர்.

அன்றிலிருந்து கந்தோருக்குப் போகுமுன் தெருக் குழாயடியில் வரிசையில் நின்று, வாளியோடு படியேறுவதும் அவள் வேலையாயிற்று. பதிந்தவள் அவள்தானே. புளோறன்ஸ் பார்த்துப் பார்த்து அழுதாள். றேமண்ட் ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்தான்.

“அக்கா, இந்த இடுப்போட வாளி தூக்குவீங்களோ? நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன்.”

“வேண்டாம் தம்பி. நீ வெளியில தலை காட்டாதை.”

ஒரு காலை அவளால் முடியவில்லை. நோயும் இல்லை, ஒன்றும் இல்லை, களைப்பு. கட்டிலை விட்டு எழும்ப மனம் வரவில்லை. றேமண்ட் வாளியை எடுத்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. இந்த ஒரு முறைதானே என்று நினைத்தாள்.

வீடு வீடாக ஏறிச் சோதிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிருந்தது. ஒளிந்திருந்த ஆம்பிளைகளெல்லாம் வாளியோடு தாங்களாகவே வந்து வரிசையில் நின்றார்கள். ஆமி ட்றக் குழாயடியில் வந்து நின்றது. அட்டையைப் பார்த்து, பாஸைக் கேட்டு, ஏற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டுக்காரி படியேறி வந்து சொல்லும்போது பிறிஜெற் இன்னும் கட்டிலில்தான் இருந்தாள்.

பொலிஸ் நிலையத்தில் புளோறன்சை வெளியே நிறுத்திவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனாள். தன்னுடைய தம்பிதான், தன்னோடுதான் இருக்கிறான் என்று சிங்களத்தில் சொன்னாள். மேசையில் இருந்த அதிகாரி பதிவை எடுத்துப் பார்த்தார்.

“கெதற கீதெனெக்த?” வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். கோபம்கூட இல்லாத குரல்.

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் விடுவார்கள் என்ற ஆசையும் இருந்தது. “துன்தெனெக்,” என்றாள். மூன்று பேர்.

அவர் பேனாவை எடுத்தார். பின்னால் கம்பிக்குள் றேமண்டோடு நின்ற ஆட்களைத் திரும்பிப் பார்த்தார்.

“தென்னெக்,” என்று அவளைத் திருத்தி, இரண்டு என்று எழுதினார்.