டவுட்ஃபுல் என்றால் சந்தேகம்

போன வாரம் நெஞ்சுப் படம் எடுக்கப் போயிருந்தேன். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த இளம் டாக்டர், "ஒரு சின்ன டவுட் இருக்கு அங்கிள், இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடுவோம்" என்றார். தொண்ணூறை எட்டிப் பார்க்கிறவனின் நெஞ்சில் ஏதாவது இருக்கத்தானே செய்யும், அதற்கு நான் பயப்படவில்லை. படத்தைப் போட்டுக் கொடுத்த நீளமான காக்கி உறைதான் என்னைத் தொந்தரவு செய்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது அதன் கோந்து வாசனை எழும்பியது. ஈரமும் புளிப்பும் கலந்த வாசனை. அதே மாதிரி உறையை ஒருமுறை நான் கிழித்துப் படித்திருக்கிறேன். படித்திருக்க வேண்டாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். இருபத்தொரு வயது, ஒரே ஒரு நல்ல கால்சட்டை, அட்டை கிழிந்த ஓர் ஆங்கில அகராதி. மொத்தச் சொத்தே அவ்வளவுதான் என்றாலும், தலைக்கனத்துக்கு மட்டும் குறைவில்லை. துரைக்கும் பெரிய கிளாக்கருக்கும் அடுத்தபடி அந்த மலையில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான்தான் என்று நடந்துகொள்வேன்.

அந்த நாட்களில் தோட்டத்துச் சனங்கள் எல்லோரும் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். இந்த நாட்டில் இத்தனை வருஷம் விடாமல் இருந்தோம் என்று ஒவ்வொருவரும் நிரூபிக்க வேண்டும். மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்து நிரூபிக்க வேண்டும். இங்கேயே பிறந்து இங்கேயே கொழுந்து பறித்தவர்களுக்கு அது விளங்கவே இல்லை. "இருந்தோம்னு எப்படிங்க காட்டுறது? இருக்கோமே" என்பார்கள்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விடும் நேரம், மூடுபனிக்குள்ளிருந்து காத்தமுத்தண்ணன் வந்தார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதில் பேர்போன ஆள். எட்டாம் நம்பர் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தார். அவருடைய மகள் ராசாத்தி என்னிடம்தான் இரண்டாம் வகுப்புப் படித்தாள். பின்னாலேயே அந்த லயத்து ஆட்கள் நாலைந்து பேர். கடிதம் வந்தால் ஊரே கேட்க வருகிற காலம்.

"மாஸ்டர், இத வாசிச்சுச் சொல்லுங்க."

உறையைக் கிழித்தேன். மனைவியின் பெயர், எட்டு மாதக் கணக்கு ஒன்று, அந்தக் காலத்தில் அவர் இங்கே வசித்தது 'டவுட்ஃபுல்', விசாரணைக்கு ஆதாரத்தோடு வரவும் என்று நாலே வரி. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்:

"அண்ணே, உங்க சம்சாரம் மேல கவர்மெண்டுக்குச் சந்தேகமாம்."

காத்தமுத்தண்ணன் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, வாங்கினபடியே மடித்து, தலையில் கட்டியிருந்த துண்டுக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார். பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு அப்போது புரியவில்லை.

பிறகுதான் தெரிந்தது. அவருடைய மனைவி பவளம், கல்யாணமான புதிதில் தாய்வீட்டுக்கென்று இந்தியாவில் துறையூர்ப் பக்கம் போய் எட்டு மாதம் இருந்திருக்கிறார். திரும்பி வரும்போது கையில் ராசாத்தி. "போறப்ப வயிறே தெரியலையே" என்று அன்றைக்கே யாரோ சொன்ன பேச்சு, அடுப்புச் சாம்பலுக்குள் கங்கு மாதிரி கிடந்திருக்கிறது. நான் போய் ஊதிவிட்டேன்.

ஒரு வாரத்துக்குள் தண்ணீர்ப் பீலியில் பவளம் வந்தால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தார்கள். வகுப்பில் ராசாத்தி பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பிள்ளை அழுதது. ஏன் என்று கேட்டேன். "அவ சந்தேகப் புள்ளையாம் சார்" என்றது. சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அகராதியைப் புரட்டினேன். நிச்சயமில்லாத, உறுதியாகத் தெரியாத. அவ்வளவுதான். ஆள்மேல் படுகிற சந்தேகத்துக்கு அந்த மொழியில் வேறொரு சொல் தனியாகவே இருந்தது. நம் தமிழில் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றி வைத்திருக்கிறோம். நேரே பெரிய கிளாக்கரிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனிதர். முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"நீர் என்ன வேலை செய்தனீர் தம்பி? ஒரு வருசத்துக்குள்ள திரும்பி வந்திட்டா கவர்மெண்டால ஒண்டும் செய்ய ஏலாது. போய்வந்த கடதாசி இருந்தா அதைக் காட்டச் சொல்லும். அவ்வளவுதான் அலுவல்."

காத்தமுத்தண்ணனைத் தேடிப் போக எனக்குத் துணிச்சல் வரவில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் பவளத்தைக் கண்டு, விஷயத்தைச் சொன்னேன். அவர் கூடையை இறக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"கடுதாசியெல்லாம் இருக்குங்க. கப்பலேறுறப்ப மண்டபம் கேம்புல குடுத்தது, புள்ள பொறந்த பதிவு, எல்லாம் தகரப்பெட்டில பத்திரமா இருக்கு. அவருகிட்டயும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்களேன் மாஸ்டர்."

சரி என்றேன். ஆனால் சொல்லவில்லை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டதும் என்று தள்ளிப் போட்டேன். தப்பை ஒப்புக்கொள்கிற இடத்தில் என் இங்கிலீஷ் அவ்வளவு சீக்கிரம் வாய் திறக்கவில்லை.

நுவரெலியாவில் விசாரணை. பவளம் கூப்பிட்டதால் நானும் போனேன். அதே நாளில் அந்த லயத்து இன்னும் மூன்று குடும்பங்களுக்கும் தவணை. எல்லோரும் ஒரே பஸ்ஸில் போய், ஒரே நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசுவது அத்தனையும் வெளியில் கேட்டது. பவளத்தின் மடியில் தகரப்பெட்டி. ராசாத்தி அதன் மூடியில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் காத்தமுத்தண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "உன் சம்சாரம் விஷயத்தில் ஐயாவுக்குச் சந்தேகம் இருக்கு. என்ன சொல்றே?"

அதே சொல். எழுந்து உள்ளே போய், அப்படி இல்லை ஐயா என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். பெஞ்சில் இருந்த எட்டாம் நம்பர் லயத்து ஆட்கள் கழுத்தை நீட்டினார்கள். காத்தமுத்தண்ணன் ஒருமுறை திரும்பி அவர்களைப் பார்த்தார். அப்புறம் உரக்கச் சொன்னார்.

"அவ எங்கேயும் போகலீங்க. ஒரு நாளும் என்னைய விட்டுட்டு எங்கேயும் போனதில்ல. இந்தப் புள்ள இங்கதான் பொறந்துச்சு."

அதிகாரியின் பேனா நின்றது. தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் எட்டு மாதம் பவளத்துக்குப் பெயரில்லை. அந்த நகல் அவர் மேசையிலேயே இருந்தது. பவளம் கணவரைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்தார்.

"போனேங்கய்யா. போயிட்டு வந்தேன். புள்ள அங்கதான் பொறந்துச்சு. இந்தா இருக்கு பாருங்க."

காகிதங்கள் சுத்தமானவை, உண்மையானவை. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு பொய் பதிவாகிவிட்டது. அதிகாரி நிறைய நேரம் எழுதினார்.

சில மாதங்கள் கழித்து அடுத்த உறை வந்தது. சாட்சியத்தில் நம்பிக்கையில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது. அதைப் படிக்க அகராதி தேவைப்படவில்லை. மூன்று பேரும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக அதே லயத்துக் காம்பிராவில், அதே மலையில், வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார்கள். ராசாத்தி ஐந்தாம் வகுப்போடு நின்று கொழுந்துக்குப் போனாள். அவர்களை எதிரில் கண்டால் நான் குறுக்குப் பாதையில் இறங்கிவிடுவேன்.

அறுபதுகளின் நடுவில், இலங்கையும் இந்தியாவும் ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பிரித்துக்கொண்ட சமயம், அவர்கள் இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தார்கள். அவர்கள் முறை வந்தபோது தலவாக்கலை ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனேன். கட்டிப்பிடித்து அழுகிறவர்களின் சத்தத்தில் ரயில் வரும் சத்தமே கேட்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேலாக வாயில் வைத்திருந்ததை அப்போதுதான் துப்பினேன்.

"அண்ணே, அந்தக் கடிதத்துக்கு நான் சொன்ன அர்த்தம் தப்பு. உங்ககிட்ட அப்பவே சொல்லியிருக்கணும்."

அவர் மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே சொன்னார்.

"தெரியும் மாஸ்டர். பவளம் அன்னைக்கே சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா அப்படிச் சொன்னீங்க?"

"அதிகாரிக்கு விளங்க வச்சுடலாங்க. வெளிய பெஞ்சில குந்தியிருந்தவங்களுக்கு யாரு விளங்க வைக்கிறது? அவ போனான்னு என் வாயால சொன்னா, அந்தப் பழைய பேச்ச நானே ஒத்துக்கிட்ட மாதிரில்ல அவங்க காதுல விழுந்திருக்கும்."

பவளம் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

திருச்சியிலிருந்து ராசாத்தி ஒரே ஒரு கடிதம் போட்டாள். அங்கே தங்களைச் சிலோன்காரர்கள் என்று சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். நான் பதில் போட்டேன். அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று குடும்பங்களும் அடுத்தடுத்துக் கப்பலேறின. எட்டாம் நம்பர் லயம் ஒரு பெருமழையில் சரிந்து, அந்த இடத்தில் இப்போது சவுக்கு நிற்கிறது. பீலியில் தண்ணீர் வருவது நின்று எத்தனையோ காலமாகிறது. யாருடைய பேச்சுக்குப் பயந்து அந்த மனிதர் ஒரு நாட்டையே விட்டுக்கொடுத்தாரோ, அவர்களில் ஒருவர் பெயரைக்கூடச் சொல்ல அந்த மலையில் இன்று ஆளில்லை.