மண் போட்ட கைக்கு ஒரு பிராது

எங்கள் டிராக்டரை அடித்து நொறுக்கியவர்கள் அதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்கள். வண்டி நின்றுபோன இடம் மாரியம்மன் கோவில் வாசல். அம்மன் எதிரில் செருப்புக் காலோடு நிற்கக் கூடாது என்று அத்தனை பேருக்கும் தெரியும். கழற்றி வைத்துவிட்டுத்தான் கடப்பாரையை எடுத்தார்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் சாலையை மறித்த காலம் அது. புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்திருந்தார்கள். கள்ளக்குறிச்சிக்கு பஸ் கிடையாது. எங்கள் ஊர் வடக்கனந்தலுக்குப் பக்கம். போராடியவர்கள் அசலூர்க்காரர்கள் இல்லை, எங்கள் சொந்தபந்தம்தான். அவர்கள் கேட்டதில் தப்பும் இல்லை, என் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்டார்கள். வெட்டிய மரத்தை இழுத்துப் போட ஒரு டிராக்டர் வேண்டும் என்று முதல் நாள் காலையில் இருபது பேர் என் வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

"நாளிக்கு விடிஞ்சதும் வண்டி ரோட்டுல நிக்கணும். நிக்கலன்னா உன் வூடு நிக்காது, பாத்துக்க."

சரி என்றேன். பாதி நியாயத்துக்காக, பாதி பயத்தில். அவர்கள் போனதும் என் மனைவி வெளியே வந்தாள்.

"போவாதீங்க. அந்தாண்ட போலீசு சுட்டுட்டாங்களாம். சுடறவன் மொதல்ல வண்டி மேல குந்திக்கினு இருக்கறவனத்தான் பாப்பான்."

"போவலன்னா இவனுங்க கொளுத்துவானுங்க. உள்ள போயி வேலயப் பாரு."

அந்த டிராக்டர் என் அப்பா பழையதாக வாங்கியது, வெளிநாட்டு வண்டி. முன்பக்கம் ஹாண்டில் என்கிற இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். அப்பா தினமும் குளித்துவிட்டுத் தன் நெற்றிக்குப் பூசிய விபூதியில் மீதியை அதன் நெற்றிக்குப் பூசுவார். அவர் போன பிறகு நானும் ஒருநாள் விட்டதில்லை. மறுநாளும் பூசிவிட்டுத்தான் ஏறினேன்.

கோவிலை நெருங்கும்போது எஞ்சினுக்குள் யாரோ பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி சத்தம். புகை கிளம்பியது. சம்மட்டியால் அடித்தது போல ஒரே அதிர்ச்சி, வண்டி நின்றுவிட்டது. இறங்கி ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தேன். உள்பக்கம் கரியாய்க் குழைந்து மண் ஒட்டியிருந்தது. மறியலுக்குக் கூடியிருந்தவர்களில் ஒருவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினான்.

"டேய், மண்ணப் போட்டு ஓட்டிக்கினு வந்திருக்கான்டா!"

"போலீசுகிட்ட போனவன்டா இவன்! துரோகி!"

முதல் குத்து வாயில் விழுந்தது. முன்பல் இரண்டும் நாக்கின் மேல் உருண்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. கீழே கிடந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்குக் கண்ணாடி போயிற்று. ஸ்டீயரிங்கைப் பிடுங்கி வளைத்தார்கள். பானெட் தகரத்தைக் கடப்பாரையால் குத்தக் குத்த, விபூதிப் பட்டை இருந்த இடம் கிழிந்து உள்ளே போயிற்று. டீசல் தெருவில் ஓடியது. ஒருவன் தீக்குச்சியைக் கிழித்தான்.

"அம்மன் எதிர்ல வேணாம்டா," என்றான் இன்னொருவன். கிழித்தவன் குச்சியை ஊதி அணைத்துவிட்டு, அந்த ஆத்திரத்தையும் சேர்த்து என் விலாவில் உதைத்தான்.

நாலு மாடு கட்டி வண்டியை வீட்டுக்கு இழுத்து வந்தோம். மண்ணை யார் போட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை. வீட்டை ஒட்டிய எங்கள் இரண்டு கொல்லைக்கும் நடுவில் ஓடும் வாய்க்காலுக்காக இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. முதல் நாள் டீக்கடையில் ஊரே கேட்க அவன் சொல்லியிருந்தான்: "அவன் ஓட்ட வண்டி கோவிலத் தாண்டாது, பாருங்கடா."

சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டதே! வாய் வீங்கி, ரத்தம் நிற்காமலே, ஹாண்டில் கம்பியை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் குனிந்து மடை திறந்துகொண்டிருந்தான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு கையாலும் ஓங்கி வலது தோளில் போட்டேன். காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. சேற்றில் விழுந்தான். அடுத்ததைத் தலைக்குத்தான் ஓங்கினேன். முருகன் புண்ணியம், அவன் வழுக்கிப் புரண்டதால் கம்பி சேற்றில் இறங்கியது.

"நானு இல்லடா! பெத்த புள்ள மேல சத்தியம்டா!"

அவன் முகத்தில் ரத்தத்தைத் துப்பிவிட்டு வந்தேன். நாடே அடிதடியில் இருந்த நேரம், இது கேட்பாரில்லாமல் போயிற்று.

அதோடும் என் நெஞ்சு ஆறவில்லை. விருத்தாசலம் பக்கத்தில் ஒரு முருகன் கோவில் இருக்கிறது. போலீசில் எழுதிக் கொடுப்பதுபோல் அங்கே சாமிக்குப் பிராது எழுதிக் கட்டிவிட்டு வருவோம். தொண்ணூறு நாளைக்குள் சாமி தீர்ப்புச் சொல்லிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. ரோடு திறந்ததும் போனேன். "என் வண்டியில் மண் போட்ட கை எதுவோ, அந்தக் கை விளங்காமல் போக வேண்டும்" என்று எழுதிக் கட்டினேன். பெயர் எழுதவில்லை. சாமிக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

வந்து மனைவியிடம் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி அப்படியே நின்றது. மறுநாள் அவள் வலது மணிக்கட்டில் மஞ்சள் துணி சுற்றியிருந்தது.

"இன்னாது?"

"கஞ்சி கொட்டிக்கிச்சி."

நானும் மேலே கேட்கவில்லை.

துரோகி வண்டி என்று பெயராகிவிட்டதால் ஊரில் ஒரு மெக்கானிக்கும் தொடவில்லை. வண்டி இரண்டு மாதத்துக்கு மேல் சாணிக் குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. கடைசியில் கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு பாய் சைக்கிளில் வந்தார். எஞ்சினின் அடித்தொட்டியைக் கழற்றி, உள்ளே இருந்த கசண்டை ஒரு தட்டில் வழித்து, மண்ணெண்ணெய் விட்டு அலசினார். அலச அலச கறுப்பு போய்த் தட்டில் வெள்ளையாக மின்னியது. இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"அண்ணே, இது ஆத்து மணலும் இல்ல, கொல்ல மண்ணும் இல்ல. கோலமாவு."

திரும்பினேன். மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. பாய்க்கும் புரிந்துவிட்டது போல.

"நானு ஒரு டீ குடிச்சிட்டு வரேண்ணே," என்று எழுந்தார். போகிறபோது தரையில் கிடந்த ஹாண்டில் கம்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்.

"நீயா?"

"நான்தான். டப்பாவுல இருந்தத முழுசும் கொட்டினேன்."

என் கையில் ஸ்பேனர் இருந்தது. ஓங்கிவிட்டேன். அவள் நகரவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்தாள். உள்ளே கொப்புளமும் இல்லை, தழும்பும் இல்லை. கையை டிராக்டரின் மட்கார்டு மேல் நீட்டி வைத்தாள்.

"சாமி எடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே எடுத்துக்கங்க. எழுவத்தாறு நாளு ஆச்சி. தெனம் காத்தால விரல மடக்கி மடக்கிப் பாக்கறேன். என்னால முடியல."

"அண்ணன அடிச்சப்ப உனக்கு வாய் இல்லியா?"

"இருந்துச்சி. தொறந்திருந்தா அந்தக் கம்பி என் தலமேல எறங்கியிருக்கும். பயந்துட்டேன்." நீட்டிய கையை எடுக்காமலே சொன்னாள்: "வண்டி செத்தா ரிப்பேர் பண்ணலாம்."

ஸ்பேனரை வீசினேன். சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது. அப்புறம் அவள் கைக்குப் பக்கத்திலேயே தலையை முட்டிக்கொண்டு அழுதேன். பிராதுக்கு இன்னும் பதினாலு நாள் மீதி இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் போனோம். பிராது கட்டியவனே நேரில் வந்து, பிராது வேண்டாம் என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தால்தான் அது தீரும். கோவிலில் பிராது எழுதுகிறவர் கேட்டார்:

"இன்னாய்யா, காரியம் முடிஞ்சிதா?"

"முடியக் கூடாதுங்க. அதுக்குத்தான் ஓடியாந்தேன்."

எழுதி முடித்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அண்ணன அடிச்ச கைக்கு ஒரு பிராது எழுதணுங்க."

"யாரு அடிச்சது?"

"நான்தாங்க."

பேனாவை மூடிவிட்டார். "யோவ், உம்மேல நீயே பிராது குடுக்க இங்க வழி இல்ல. அடிபட்டவங்கிட்ட போ."

போனேன். அண்ணனின் வலது தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மண் போட்டது என் வீட்டு ஆள்தான் என்று சொல்லிக் காலில் விழுந்தேன்.

"எழுந்திருடா. நீ வுழுந்தா என் தோளு மேல வருமா?" என்று கதவைச் சாத்திக்கொண்டான்.

வெள்ளிமலையில் இதே மாதிரி வண்டி ஒன்று ஓட்டமில்லாமல் கிடப்பதாகப் பாய் விசாரித்து வைத்திருந்தார். ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி, பிஸ்டனும் பேரிங்கும் கழற்றிக் கோணிப்பையில் கட்டி மடியில் வைத்துக் கொண்டுவந்தோம். வளைந்த ஸ்டீயரிங்கை நெருப்பில் காட்டி நிமிர்த்தினார். பானெட்டில் ஒட்டுப் போட்டார். ஒட்டின் மேல் நான் விபூதி பூசினேன். மனைவி வண்டிக்கு முன்னால் கற்பூரம் காட்டினாள்.

"அண்ணே, பெருவிரல மத்த விரலோட சேத்து வச்சிப் புடிங்க," என்று ஹாண்டில் கம்பியை நீட்டினார் பாய். "மடக்கிப் புடிச்சா, கம்பி எதிர்ல ஒதைக்கும்போது கைய ஒடச்சிடும்."

எனக்குத் தெரியாததா? இருபது வருடம் சுற்றிய கை. ஆனால் அந்தக் கம்பியைக் கையில் எடுத்ததும் கொல்லையில் பிடித்த பிடிதான் வந்தது, அடிக்கிற பிடி. முருகா என்று ஒரு சுற்றுச் சுற்றினேன். எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்தது. காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற அதே சத்தம். என் மணிக்கட்டு பின்பக்கமாக மடிந்து தொங்கியது. பாய் துள்ளி வந்து கம்பியைப் பிடித்து இன்னொரு சுற்றுச் சுற்ற, வண்டி படபடவென்று கிளம்பிவிட்டது.

நான் தரையில் உட்கார்ந்து, வலியில் கத்திக்கொண்டே சிரித்தேனாம். மனைவி சொல்லுவாள். ராஜினாமா கொடுத்தது அவள் கைக்குத்தானே, என் கைக்கு இல்லையே.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும், ஏறுங்கண்ணே," என்றார் பாய். பிறகு தலையைச் சொறிந்தார். "ரிப்பேர் பண்ணத் தெரியும். ரோட்டுல ஓட்டினது இல்ல."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தான். யாரையும் பார்க்கவில்லை.

"தள்ளு பாய்."

சரிந்த தோளோடு ஏறி உட்கார்ந்து இடது கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்தான். ஒரு மட்கார்டில் நான், பக்கத்தில் என் மனைவி. முறிந்த கையைத் தன் வலது கையில் ஏந்திக்கொண்டாள். கடப்பாரை பட்ட தகரம் வழியெல்லாம் தடதடத்தது. மாரியம்மன் கோவில் வந்தது. அண்ணன் வேகத்தைக் குறைத்து, ஸ்டீயரிங்கை விட்டு ஒரு கையால் கும்பிட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தான். கோவில் பின்னால் போன பிறகு, திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"டேய், தாண்டிடுச்சிடா."