கோடிச் சேலையோடு போன வீடு

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனியாபுரத்திலிருந்து சோணைமுத்துவின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். “அண்ணே, சோணைமுத்து சார் வீட்டுல துக்கம். சட்டுன்னு கிளம்பி வாங்க” என்றார். உடனே போனை வைத்துவிட்டார். யார் என்று நானும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சோணைமுத்துவின் அம்மா என் சொந்த அத்தை. எண்பதைத் தாண்டியவள். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்து, கட்டிலும் நாற்காலியுமாக இருந்தாள். என் அப்பா இல்லாததால் அவள் மேல் போர்த்தும் பிறந்த வீட்டுக் கோடியை நான்தான் கொண்டுபோக வேண்டும். கே.கே. நகரில் கடை திறக்கும்வரை நின்று, அவளுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் ஒரு சேலை எடுத்தேன்.

வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே நுழைந்தால் அத்தை நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் காலடியில், ஐஸ் பெட்டிக்குள், சோணைமுத்து.

என் கையிலிருந்த பையை அத்தை பார்த்தாள். பேச்சு அவளுக்குக் குழறித்தான் வரும். “எனக்குன்னு எடுத்தாந்தியா? எனக்கு வர வேண்டியதுதாண்டா. இவன் முந்திக்கிட்டான்” என்றாள். அந்தச் சேலையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அத்தைக்குக் காபி கொடுத்துவிட்டு, நெஞ்சைக் கரிக்கிறது என்று படுத்தானாம். அவ்வளவுதான். டி. கல்லுப்பட்டிப் பள்ளியில் எங்கள் இருவரோடும் வேலை பார்த்த உங்களில் பலர் முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவனோடு டீ குடித்திருக்கிறீர்கள். நேற்றுக்கூட ஒருவர் போன் செய்து, “நெசமாவா சார்?” என்று கேட்டார். என்னிடம் கேட்டால்? எனக்கே யாராவது சொல்ல வேண்டும்.

குலசாமி பெயரை வைத்துக்கொண்டு சாமி இல்லை என்று திரிந்த வேதியியல் வாத்தியார் அவன். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. என் நெற்றியில் திருநீற்றைப் பார்த்தால் விடமாட்டான். “என்ன மச்சான், காலையிலேயே வெள்ளையடிச்சாச்சா?” என்பான். “சோணைன்னு பேரு வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு மாப்ள இம்புட்டு வாய்?” என்பேன். “பேரு எங்கம்மா வச்சது. வாய் என்னோடது” என்பான். ஆசிரியர் அறையே சிரிக்கும்.

மாசிச் சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலசாமி கோயிலில் பொங்கல் வைப்பது எங்கள் வழக்கம். அத்தை எந்த வருடமும் கரண்டியை அடுத்தவர் கையில் கொடுத்ததில்லை. அவள் படுத்த பிறகு வந்த முதல் மாசியில், சோணைமுத்துவின் தங்கை கலா, “அம்மா கார்லயே இருக்கட்டும்ண்ணே. அவங்களுக்குப் பதிலா நான் வச்சிர்றேன்” என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோணைமுத்து அவளைக் காரிலிருந்து இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். நாற்காலிக்கு எட்டும் உயரத்துக்குச் செங்கல் அடுக்கி அதன் மேல் அடுப்பைக் கூட்டினான். இடது கையால் சாமி காரியம் செய்ய மாட்டேன் என்று அத்தைக்குப் பிடிவாதம். விழுந்துபோன வலது கையில் கரண்டியை வைத்து, தன் கையால் பொத்திப் பிடித்துக் கிண்டினான். புகையில் அவன் கண்ணில் நீர் கொட்டியது. அரிசி அடிப்பிடித்தது. ஆனாலும் பொங்கி வழிந்தது. அத்தை அந்தக் கோணல் வாயால் குலவையிடப் பார்த்தாள். சுற்றியிருந்த பெண்கள் சேர்ந்துகொண்டார்கள்.

“நீ ஒரு கும்பிடு போட்டா என்ன மாப்ள?” என்று கேட்டேன். “கும்புடுறது அவங்க மச்சான். நான் வெறும் கைதான்” என்றான்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. அம்மாவின் சாமிக்கு அம்புட்டு உழைத்தவனைத்தானா எடுத்துக்கொள்ள வேண்டும்? அவன் போன நாளிலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தில் விரலை வைத்ததும் இந்தக் கேள்விதான் வருகிறது. பூசாமல் வந்துவிடுகிறேன்.

காரியம் முடிந்த அன்று, அத்தையை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. கலாவின் வீடு கோயம்புத்தூரில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. யாரோ ஒரு முதியோர் இல்லத்தின் பெயரைச் சொன்னார்கள். அத்தையை நடுவில் உட்கார வைத்துக்கொண்டே இம்புட்டுப் பேச்சும். கடைசியில் அவளே என்னைப் பார்த்து, “எங்கப்பன் வீட்டுக்கே வாரேன்டா” என்றாள். எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

முதல் நாள் காலையில் அவளைக் குளிக்க வைக்க, அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். உடம்பை விறைத்துக்கொண்டு எழ மறுத்தாள். வலிக்கிறதோ என்று பயந்துபோனேன். “கேட்டுட்டுத் தூக்குடா. எம்மகன் ஒருநாளும் கேக்காமத் தூக்குனதில்ல” என்றாள்.

இத்தனை வருடப் பழக்கத்தில் இதை அவன் நம்மில் யாரிடமும் சொன்னதில்லை. அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதைத்தான். தினமும் கட்டில் பக்கம் நின்று, “அத்தை, தூக்கவா?” என்று கேட்கிறேன். சில நாள் உடனே இடது கையை நீட்டுகிறாள். சில நாள், “இருடா, அவன நெனச்சுக்கிட்டிருக்கேன்” என்கிறாள். நிற்கிறேன்.