என்னைத் தேடி பஸ் ஏறிய பால்கார அக்கா

அது தொண்ணூற்றெட்டாம் வருடம், ஆவணி மாதம். சென்னையில் கால்நடை மருத்துவத்தில் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். உண்ணிக்கடியால் மாடுகளின் ரத்தத்தில் பரவும் நோய்கள்தான் என் ஆய்வு. அதற்காக வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ காலையிலேயே பஸ் பிடித்து மாமல்லபுரம் போய் இறங்குவேன். அங்கிருந்து தெற்கே, கல்பாக்கம் போகும் வழியில் இருக்கிற சின்னச் சின்ன ஊர்களில் வீடு வீடாக நடந்து மாடுகளிடம் ரத்தம் எடுப்பேன். தோளில் ஒரு பை, கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க். பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு, டீ விற்க வந்தவள் என்று நினைத்துக் கூப்பிட்டவர்களும் உண்டு.

நான் நாமக்கல் பக்கத்துப் பெண். ஐந்து வருடம் படித்து டாக்டர் பட்டம் வாங்கி, அதற்கு மேலும் படிக்கிறோம் என்ற நினைப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. இன்று ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அன்று திங்கட்கிழமை. வேலை முடிந்து பஸ்ஸுக்காக ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். வேலியோரம் நின்றிருந்த ஒரு பெண் ஓடி வந்து வழி மறித்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அவள் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். கல்பாக்கம் குடியிருப்பில் இருக்கிற உத்தியோகஸ்தர் வீடுகளுக்குச் சைக்கிளில் பால் ஊற்றுகிறவள். கணவர் மாமல்லபுரத்தில் சிற்பப் பட்டறையில் கல்லுக்கு மெருகு போடுகிறவர்.

“டாக்டரம்மா, செவலை நேத்துலேர்ந்து ஒண்ணுமே துன்ன மாட்டேங்குது. வாயில எச்சில் ஊத்திகினே கீது. செத்த வந்து பாரும்மா” என்றாள்.

போய்ப் பார்த்தேன். மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தொங்கியது. முன்னால் வைத்த தண்ணீரை வாயில் எடுத்தது, விழுங்க முடியாமல் விட்டுவிட்டது. வீட்டைச் சுற்றிப் பனை மரங்கள். பனம்பழம் விழுகிற காலம். எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பனங்கொட்டை தொண்டையில் சிக்கியிருக்கிறது!

அந்தப் பெண் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். “இது கத்துறதே ஒரு மாதிரியா கீது டாக்டரம்மா, நேத்து கூட...”

“அதெல்லாம் அப்புறம் சொல்லுங்கக்கா. முதல்ல மாட்டை இறுக்கிப் பிடிங்க” என்று அவள் பேச்சை வெட்டினேன்.

கையுறை பையில் இருந்தது. ஆனால் உள்ளே சிக்கியிருப்பது வெறும் கையில்தான் சரியாகத் தட்டுப்படும் என்று நினைத்தேன். வாயைத் திறந்து, நாக்கை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்து, முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். கொட்டையும் இல்லை, ஒன்றும் இல்லை. கையை எடுக்கும்போது மாடு தலையை உதறியதில் கடைவாய்ப் பல் உரசி மணிக்கட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. லேசாக ரத்தம். எங்கள் தொழிலில் இதெல்லாம் தினமும் நடப்பது. பக்கத்தில் இருந்த பக்கெட்டில் கையைக் கழுவிக்கொண்டு, தொண்டையில் வீக்கம் இருக்கும் என்று சொல்லி ஓர் ஊசி போட்டேன். நோட்டுத் தாளைக் கிழித்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அவள் பெயரை நான் கேட்கவில்லை. அவளும் என் பெயரைக் கேட்கவில்லை.

அந்த வாரம் முழுக்க ஆய்வகத்தில் வேலை. வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தேன். வீட்டில் ஒரு விசேஷம், பத்து நாள் லீவு. மணிக்கட்டில் இருந்த கீறல் பொருக்குத் தட்டி ஆறிவிட்டிருந்தது. அந்த மாட்டை நான் மறந்தே போயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் துறையின் உதவியாளர் வந்து, “உன்னைத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க” என்றார். வெளியே போனால் வராந்தாவில் அந்தப் பால்கார அக்கா நிற்கிறாள். தலையெல்லாம் கலைந்திருந்தது. கையில், நான் மருந்து எழுதிக் கொடுத்த அந்தத் துண்டுத் தாள். என்னைப் பார்த்ததும், “அப்பாடா, கெடச்சிட்ட” என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

உட்கார்ந்தபடியே விஷயத்தைச் சொன்னாள். நான் வந்து போன மறுநாள் மாடு கண்டபடி முட்ட ஆரம்பித்திருக்கிறது. புதன்கிழமை காலையில் விழுந்து செத்துவிட்டது. ஊர்க் கால்நடை மருந்தகத்தில் வழக்கமாக இருக்கும் மருத்துவர் லீவு. பொறுப்புக்கு வந்திருந்த வேறு ஊர் மருத்துவர்தான் வந்து பார்த்தாராம். அவர் முதலில் கேட்ட கேள்வி, “நாய் ஏதாவது கடிச்சுதா?” என்பதுதான். அப்போதுதான் இவளுக்கு நினைவு வந்திருக்கிறது. ஒரு மாதத்துக்கு முன்னால் தெருநாய் ஒன்று கொட்டகைக்குள் புகுந்து மாட்டின் மூக்கில் கடித்திருக்கிறது. இவள் மஞ்சள் வைத்துவிட்டாள். அந்த நாய் அந்த வாரமே செத்துப் போனது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

“வெறிநோய்தாம்மா. மாட்டைத் தொட்டவங்க எல்லாரும் ஊசி போட்டுக்கணும்னு சொல்ட்டாரு. எனக்கு ஒடனே ஒன் நெனப்புதான் வந்துச்சு. வாய்க்குள்ள கைய வுட்டவ நீதான? ரத்தம் வேற வந்துச்சே!”

மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். எச்சில், விழுங்க முடியாமை, குரல் மாற்றம். ஒவ்வொன்றையும் நான் பரீட்சையில் வரிசையாக எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். தொண்டையில் ஏதோ சிக்கியதுபோல் தோன்றும், ஏமாந்து கையை விடாதே என்று பாடத்திலேயே இருக்கிறது. அவள் அன்று சொல்ல வந்ததும் குரல் மாறியதைத்தான். நான் காது கொடுக்கவில்லை. அது மட்டுமில்லை. முதுகலை முதலாண்டில் எங்களுக்கெல்லாம் வெறிநோய்த் தடுப்பூசி முன்கூட்டியே போட்டார்கள். அன்றைக்கு நான் ரத்தம் எடுக்கப் போய்விட்டேன். அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டதுதான், போடவே இல்லை.

வெறிநோய் வந்துவிட்டால் மருந்து கிடையாது. அறிகுறி தெரிவதற்குள் ஊசி போட்டால்தான் உண்டு. இவள் வராமல் இருந்திருந்தால் நான் அன்று மாலை ரயில் ஏறியிருப்பேன்.

“எப்படிக்கா என்னைக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டேன்.

அதைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவள் என்னைத் தேடுவது அது இரண்டாவது நாள் என்று. பொறுப்பு மருத்துவர் கல்லூரிக்குக் கடிதம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். “கடுதாசி எப்ப வந்து, யார் பிரிச்சி, யார் உன்னாண்ட சொல்றது?” என்று இவள் மறுநாளே கிளம்பிவிட்டாள். ஆனால் போனது செங்கல்பட்டுக்கு! டாக்டருக்குப் படிக்கிற பெண் என்றால் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக் கல்லூரியில்தான் இருப்பாள் என்று நினைத்திருக்கிறாள். அங்கே என்னைப்போல் கண்ணாடி போட்ட பெண்களிடம் ஒவ்வொருவராகப் போய் முகத்தைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பிள்ளைகளும் பாவம், இவளோடு சேர்ந்து விடுதி வரைக்கும் போய்த் தேடியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு நர்ஸ்தான், “மாட்டுக்கு வைத்தியம் பார்த்த பொண்ணுன்னா மெட்ராஸ்ல தேடும்மா” என்று சொல்லி, எந்த பஸ், எங்கே இறங்கணும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். இங்கே வந்து அந்தத் துண்டுத் தாளைக் காட்டி, மாமல்லபுரம் பக்கம் மாட்டு ரத்தம் எடுக்க வருகிற பெண் என்று கேட்டதும் எங்கள் துறையைக் காட்டிவிட்டார்களாம்.

சொல்லிவிட்டு, “நல்ல வேளை, அந்த நர்சம்மா மகராசி” என்று சிரித்தாள்.

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. “அக்கா, நீங்க ஊசி போட்டுக்கிட்டீங்களா?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “போட்டுக்கலாம்மா. அங்க போனப்பவே போட்டிருப்பேன். உன்னத் தேடிகினு இருந்தேனா, ஊசி போடற நேரம் தாண்டிப் போச்சு. சரி, நாளைக்கு ஆவட்டும், மொதல்ல இந்தப் பொண்ணக் கண்டுபிடிப்போம்னு வந்துட்டேன்.”

மூன்று நாளாக அந்த மாட்டுக்குக் கையால் கஞ்சி புகட்டியவள் அவள். அவள் விரல்களில் கல்லும் புல்லும் கிழித்த வெடிப்புகள் இருந்தன. எனக்கு இருந்த ஆபத்து அவளுக்கும் இருந்தது. ஊசி போடுகிற இடம் வரைக்கும் போயும், போட்டுக்கொள்ளாமல் என்னைத் தேடியிருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வராந்தா என்றும் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “அட, நீ எதுக்கு அழுவுற? அதான் வந்துட்டேன்ல!” என்று அவள்தான் என்னைத் தேற்றினாள்.

என் ஆய்வுக்கு வழிகாட்டியான பேராசிரியரிடம் ஓடினேன். நடந்ததை முழுக்கக் கேட்டார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். “நாய்க்கடி பத்திக் கேட்டியா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். இல்லை என்றேன். “சரி, ரெண்டு பேரும் உடனே கிளம்புங்க” என்று அவருடைய காரிலேயே ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார்.

அன்று ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் முதல் ஊசி போட்டுக்கொண்டோம். எனக்கு மணிக்கட்டுக் கீறலைச் சுற்றித் தனியாகவும் போட்டார்கள். உயிர் போகிற வலி. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு, “வாய வுட்டுக் கத்திடு, ஒண்ணும் தப்பில்ல” என்றாள். தன் முறை வந்தபோது அவள் கத்தவில்லை. என் கையை மட்டும் நசுக்கிவிட்டாள்.

தொப்புளைச் சுற்றிப் போடும் பழைய ஊசி இல்லை, பேராசிரியர் ஏற்பாடு செய்த புது வகை, மொத்தம் ஐந்து. மீதி நான்கையும் அக்காவுக்கு வசதியாகச் செங்கல்பட்டிலேயே போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்துகொண்டோம். ஊர் விசேஷத்துக்கு இரண்டு நாள் மட்டும் போய் வந்தேன். ஒவ்வொரு ஊசி நாளிலும் நான் சென்னையிலிருந்து வருவேன், அவள் மாமல்லபுரம் வழியாக வருவாள். ஊசி முடிந்ததும் பஸ் நிலையத்துக்கு எதிரில் ஒரு கடையில் இட்லி சாப்பிடுவோம். அங்கேதான் இன்னொரு விஷயம் எனக்குத் தெரிய வந்தது.

மாடு செத்த அன்றே அவள் பால் ஊற்றுகிற எல்லா வீடுகளுக்கும் போய் நடந்ததைத் தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். நோய் கண்ட பிறகு அவள் அந்த மாட்டில் பால் கறக்கவில்லை. ஆனாலும் அதற்கு முந்தைய நாட்களில் யாராவது பச்சைப் பாலாகக் குடித்திருந்தால்? சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. சொன்னதும் ஜனம் பயந்துவிட்டது. பாதி வீடுகளுக்கு மேல் பால் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். நல்லபடியாக இருக்கிற இன்னொரு மாட்டின் பாலையும் வாங்க ஆளில்லை.

“ஏங்க்கா இதை முன்னாடியே சொல்லலை?”

“சொன்னா நீ இன்னா பண்ணுவ? உனக்கே ஊசி பயம்.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கல்பாக்கம் குடியிருப்புக்குப் போனேன். அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடக்க, நான் பின்னால். ஒவ்வொரு வீட்டு மணியையும் அடித்து, நான் யார், என்ன படிக்கிறேன், நான் செய்த தப்பு என்ன என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். காய்ச்சிய பாலால் இந்த நோய் வராது, பச்சையாகக் குடித்தவர்கள் இருந்தால் மட்டும் டாக்டரைப் பாருங்கள், இன்னொரு மாட்டை நாய் கடிக்கவில்லை, அதை நாங்கள் கண்காணித்து வருகிறோம் என்று விளக்கினேன். என் தப்பை முன்பின் தெரியாதவர்களிடம் சொல்வது முதல் வீட்டில் கூச்சமாக இருந்தது. நாலாவது வீட்டில் பழகிவிட்டது. திருநெல்வேலிக்கார அம்மா ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உண்மையைச் சொன்னவ கையால வாங்குத பாலுதான் எங்களுக்கு வேணும், நாளைலேர்ந்து ஊத்துங்க” என்றார். அக்கா அப்போதுதான் அழுதாள். மாடு செத்ததற்குக்கூட என் முன்னால் அழாதவள்.

எல்லா வீடுகளும் திரும்பி வரவில்லை. ஆனால் முக்கால்வாசி வந்தார்கள். அடுத்த தை மாதத்துக்குள் அக்கா ஒரு கிடேரியும் பிடித்துவிட்டாள். அதை முதன்முதலில் பரிசோதித்தது நான்தான். தொடுவதற்கு முன்னால் அதன் கதையை முழுக்க அவளிடம் கேட்டேன். அவளும் கேலியாக, “இதுக்கு நேத்து ரெண்டு தும்மல், அதயும் எழுதிக்கோ” என்றாள்.

அந்த மாட்டுக்கு வெறிநோய்தானா என்று ஆய்வகத்தில் உறுதி செய்ய முடியவில்லை. அதற்குள் புதைத்துவிட்டார்கள். ஒருவேளை வேறு நோயாகவும் இருந்திருக்கலாம் என்று நண்பர்கள் சொன்னதுண்டு. இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள அக்கா காத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

படிப்பை முடித்து அரசு வேலைக்கு வந்து, ஊர் ஊராக மாறி, இப்போது தெற்கே ஒரு மாவட்டத்தில் இருக்கிறேன். எனக்கு ஒரு மகள். அவள் பிறந்ததையும், பள்ளிக்கூடம் போனதையும், இப்போது என்னைவிட உயரமாக வளர்ந்து நிற்பதையும் சில நேரம் சும்மா உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பேன். இதெல்லாம், தன் ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பெயர்கூடத் தெரியாத ஒருத்தியைத் தேடி பஸ் ஏறிய அந்த அக்கா எனக்குக் கொடுத்த நாட்கள் என்று தோன்றும்போது, இருந்த இடத்திலிருந்தே மனசுக்குள் அவளுக்கு ஒரு கும்பிடு போடாமல் இருக்க முடிவதில்லை.