சரி என்று தலையாட்டியவர்

ஐஸ் பேக்டரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சரிசார் என்பார்கள். முதலாளி எதைச் சொன்னாலும், லோடு ஏற்றுகிறவர்கள் எதைச் சொன்னாலும் அவர் பதில் ஒன்றுதான்: "சரி சார்." கம்ப்ரசர் அறையில் நின்று நின்றே காது இரண்டும் முக்கால்வாசி போய்விட்டன. கேட்காததை மறுபடி சொல்லச் சொல்ல அவருக்குக் கூச்சம். தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. டீக்கடையில் யாராவது டம்ளரால் வாயை மறைத்துக்கொண்டு, "சரிசார், உங்க சைக்கிளை எனக்கே குடுத்துடுங்க" என்பார்கள். "சரி சார்" என்பார். கடையே சிரிக்கும். விஷயம் புரிந்ததும் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

வீட்டில் மட்டும் அவர் பாச்சா பலிக்காது. மனைவி போன பிறகு அவரும் மகளும்தான். மகள் உள்ளே வரும்போது, அவர் கவனிக்கட்டும் என்று விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுவாள். தோளைத் தொட்டுத் திருப்பி, முகத்துக்கு நேரே நின்று பேசுவாள். உதட்டைப் பார்த்து அவர் புரிந்துகொள்வார். சரி என்று தலையாட்டினால் விடமாட்டாள். "என்ன சரி?" என்பாள். அவர் திருப்பிச் சொல்லியாக வேண்டும். டாக்டரிடம் போனாலும் அப்படித்தான். டாக்டர் அவளிடம் சொல்வார், அவள் அப்பாவிடம் சொல்வாள். டாக்டருக்குப் படிக்கிற ஆசை, டாக்டர் எதிரே இருந்த அந்த நாற்காலியில்தான் அவளைத் தொற்றியது.

இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று பக்கத்தில். பேக்டரி முக்கில் பஸ் ஏறினால் வாசலில் இறக்கிவிடும், சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். நல்ல கல்லூரிதான். ஆனால் முதல் இரண்டு வருடமும் பெரிய ஹாலும் புத்தகமும்; நோயாளி முகத்தைப் பார்ப்பது அதற்குப் பிறகு. இன்னொன்றுக்கு ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். அங்கே முதல் மாதமே நாலைந்து பேராக வார்டுக்குள் விடுகிறார்கள். கட்டில் ஓரம் உட்கார்ந்து நோயாளியிடம் கேட்பதும் சொல்வதும்தான் முதல் பாடம்.

பக்கத்துக் கல்லூரியே போதும் என்றாள் மகள். அவர் அவள் வாயைப் பார்க்கவில்லை, கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்த அவர் தங்கை, மகளுக்கு அத்தை, அன்று சாயங்காலமே கைத்தையலோடு வந்து உட்கார்ந்தாள். பொட்டைப்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்புவதா, உனக்கு ஒன்று என்றால் யார் இருக்கிறார்கள், நல்லது கெட்டதைக் காதில் போடக்கூட ஆள் வேண்டாமா என்று பிட்டுப் பிட்டு வைத்தாள். தைக்கிற துணியிலிருந்து தலையை நிமிர்த்தாமலேதான் பேசினாள். அவர் ஒவ்வொன்றுக்கும் சரி என்றார். அண்ணன் ஒத்துக்கொண்டான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

காலையில் அவர், தூரத்துக் கல்லூரிதான் என்றார்.

"நேத்து அத்தனைக்கும் சரின்னியேண்ணே," என்றாள் அத்தை.

"நீ என்ன சொன்னேன்னு யாருக்குத் தெரியும்? குனிஞ்சுகிட்டே பேசினே." பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினார். "பக்கத்துக் கடையில கெடைக்குதேன்னு கம்ப்ரசர் வாங்குவாங்களா பாப்பா? லோடுக்குத் தோதா எது இருக்கோ அதைத்தான், எங்க இருந்தாலும் போய் எடுத்துட்டு வரணும். உன் லோடுக்கு அதுதான்."

மகள் இரண்டு நிபந்தனை போட்டாள். காது மெஷின் மாட்டிக்கொள்ள வேண்டும். டாக்டரிடம் போனால் அத்தை இல்லாமல் போகக் கூடாது. சரி என்றார். என்ன சரி என்று கேட்டாள். ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னார்.

அவள் கல்லூரிக்குப் போன பிறகு, போனில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் மெஷின் காதில் இருந்தது. சில நாள் விசில் அடித்தது. சரியாகப் பொருந்தாத மெஷின்தான் அப்படி விசிலடிக்கும். தினமும் மாட்டுகிறவருக்கு அதைச் சரியாகப் பொருத்தப் பழகியிருக்கும். அவளுக்கு அது உறைத்தது. அவரிடம் அதைக் கேட்கவில்லை. கம்ப்ரசர் அறையில் அதை மாட்டினால் மண்டையே வெடித்துவிடும் என்பதும், அவள் கூப்பிடும் நேரத்துக்கு மட்டும் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொள்கிறார் என்பதும் பிறகு அத்தை சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாம் வருடம் ஒரு மத்தியானம் அவருக்கு நெஞ்சு கனத்தது. வாயுவாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அத்தை கடையில் பாவாடை சட்டைக்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தாள். இதற்குப் போய் அவளை எதற்கு என்று, மெஷின் சட்டைப்பையிலேயே இருக்க, தனியாகவே கிளினிக்குக்குப் போனார். திரும்பும் வழியில் மருந்துக் கடையில் வாயு மாத்திரை வாங்கிக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். ஷிப்ட் மாற்ற வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் செய்வதுபோலத் தோளைத் தொட்டார். சரிசார் திரும்பவில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் மகள் அந்த கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் நல்ல மனிதர். அவளை உட்காரச் சொன்னார். முகக்கவசம் போட்டிருந்தார்.

"நான் சொன்னேம்மா. வெளியில உட்காருங்க, ஈ.சி.ஜி. எடுக்கணும், எடுக்காம போயிடாதீங்கன்னு சொன்னேன். சரி சார்னு தலையாட்டினாரு. கொஞ்ச நேரம் கழிச்சு நர்ஸ் போய்ப் பாத்தா ஆளைக் காணோம்."

மகள் அந்த முகக்கவசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு இருக்கும் இடத்தில் துணி மட்டும் அசைந்தது.

"என்ன சரின்னு கேட்டீங்களா சார்?"

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். டாக்டர் முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

தூரத்துக் கல்லூரியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது அதைத்தான். நோயாளி தலையாட்டினால் நம்பாதே, நீ சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல். வகுப்பிலேயே அவள்தான் அதில் கெட்டிக்காரி என்று பெயர். எங்கே கற்றாய் என்று ஆசிரியர் கேட்டபோது, வீட்டில் என்று சொல்லியிருந்தாள்.

கல்லூரிக்குத் திரும்பக் கிளம்பும் நாளில் அத்தை பையை அடுக்கிக் கொடுத்தாள். காது மெஷினைப் பஞ்சில் சுற்றிச் சின்ன டப்பாவில் வைத்திருந்தாள். மகள் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். ஜன்னலுக்கு வெளியே, பேக்டரி முக்கில் பக்கத்துக் கல்லூரிக்குப் போகும் பஸ் நின்று கிளம்பியது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

அத்தை பேச ஆரம்பித்தாள். பக்கத்தில் படித்திருந்தாலும் அந்த நேரத்தில் நீ வகுப்பில்தான் இருந்திருப்பாய், அவன் உன்னையும் கூப்பிட்டிருக்க மாட்டான், அளவு எடுத்துக்கொண்டிருந்த என்னையே கூப்பிடாதவன் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. குரலைச் சேர்த்துக்கொண்டு மறுபடி தொடர்ந்தாள். நீ போனது தப்பில்லை.

"சரி அத்தை," என்றாள் மகள், ஜன்னலைப் பார்த்தபடி.

அந்தச் சரியை ஆயுசு முழுக்கக் கேட்டவள் அத்தை. பையைக் கீழே வைத்தாள். மகளின் தோளைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, முகத்துக்கு நேரே நின்றுகொண்டு, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.